வளைகோலும் பற்றுப் பக்கமும்: ஹாக்கி நூல்கள் காட்டும் மறுபுறம்

தமிழ்ச் சங்க மலர் என்றால் சங்க இலக்கியம், கோயில் வரலாறு, கல்வெட்டு என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை விளையாட்டு பற்றி, அதிலும் ஹாக்கி பற்றி எழுதலாமா என்று கேட்டேன். மலர்க் குழுவினர் மறுக்கவில்லை. அவர்களுக்கு முதற்கண் என் நன்றி. ஹாக்கிக்குத் தமிழில் வளைகோல் பந்தாட்டம் என்று அழகான பெயர் உண்டு. ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் ஹாக்கி என்றே எழுதுகிறேன்.

நான் கல்லூரிப் படி ஏறியவன் அல்லன். ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக் கடை, தகப்பனார் காலத்துக் கடை. வியாபாரம் மந்தமான மத்தியான நேரங்களில் கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. ஆகவே கடைக்காரன் பார்வை இந்தக் கட்டுரையில் தானாக வந்துவிடும். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடைப் பேரேட்டில் வரவுப் பக்கம் ஒன்று, பற்றுப் பக்கம் ஒன்று. ஒரு வாடிக்கையாளர் நம்மிடமிருந்து சரக்கு எடுத்துக்கொண்டு போனால் அவர் பெயரில் பற்று எழுதுகிறோம். எழுதாமல் விட்டால் அது கடன் என்பதே மறந்துபோகும். விளையாட்டு விஷயத்தில் நாடு என்னும் வாடிக்கையாளர் வீரர்களிடமிருந்து நிறையச் சரக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பதக்கங்களை வரவு வைத்தோம். பற்றுப் பக்கத்தில் எழுதவேண்டியதைப் பெரும்பாலும் எழுதவில்லை. எழுதப்பட்ட கொஞ்சமும் சில நூல்களில் கிடக்கிறது. அந்த நூல்களைப் பற்றியதே இக்கட்டுரை.

தங்கம் எடுத்த ஊரும் தங்கம் வென்ற ஆட்டமும்

இந்தக் கணக்கு கோலார் தங்கவயல்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது வரை இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் ஏறக்குறைய 800 டன் என்பார்கள். அந்த எண் எல்லா நூல்களிலும் இருக்கிறது. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், கல் தூசியைச் சுவாசித்து, சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயோடு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் ஆராயப்பட்ட இடங்களில் எங்கள் சுரங்கம் ஒன்று. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்த நம் தமிழ் ஜனங்களின் மூச்சுக் கணக்கு அது. தங்கத்தின் எடை தெரிந்த பலருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஹாக்கியும் அப்படித்தான். ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி 8 தங்கம், 1 வெள்ளி, 4 வெண்கலம் பெற்றிருக்கிறது. இதுவரை வேறெந்த நாட்டு ஹாக்கி அணியும் 8 தங்கம் வாங்கியதில்லை. கடைசித் தங்கம் 1980-இல் மாஸ்கோவில் வந்தது. அந்த அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் நம் தமிழ்நாட்டுக்காரர். இதையெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அந்த ஆட்டக்காரர்கள் எழுதிய, அல்லது அவர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களைப் படித்தால் பற்றுப் பக்கத்தில் மூன்று சரக்குகள் எழுதப்படாமலே போயிருப்பது தெரிகிறது. முதலாவது உடம்பு. இரண்டாவது மானம். மூன்றாவது வாய், அதாவது உள்ளதைச் சொல்லும் உரிமை. ஒவ்வொன்றாகக் காண்போம்.

சென்னையில் அச்சான 'கோல்'

ஹாக்கி நூல்களுக்கெல்லாம் மூத்த நூல் என்று நான் கருதுவது மேஜர் தயான் சந்த் எழுதிய 'கோல்' என்னும் தன்வரலாறு. 1952-இல் வெளிவந்தது. வெளியிட்டது எங்கோ டில்லியிலோ ஜான்சியிலோ இல்லை. நம் சென்னையில் நடந்துவந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகை. வடநாட்டு ராணுவ வீரர் ஒருவரின் வாழ்க்கைக் கதை தமிழ்நாட்டில் அச்சானது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ், 1936 பெர்லின் ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்றவர் அவர். பெர்லின் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்றபோது அவரே அணித்தலைவர். நூலின் கதை இந்த வரவுகளோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் நடந்தது நூலில் வராது, வரவும் முடியாது. 1956-இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1979 டிசம்பர் 3-இல் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் காலமானார். கடைசிக் காலத்தில் கையில் பணமில்லை, கவனிப்பாரும் அதிகமில்லை, பொது வார்டில்தான் கிடந்தார் என்பது பலரும் எழுதிய செய்தி. இன்றைக்கு அவர் பிறந்த ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். 2021-இல் நாட்டின் உயரிய விளையாட்டு விருதுக்கும் அவர் பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். 1979-இல் செய்யவேண்டியிருந்த செலவை 2021-இல் பெயராகக் கொடுத்தால் கடன் தீருமா?

1928 அணியின் தலைவர் தயான் சந்த் அல்லர். ஜெய்பால் சிங் என்னும் முண்டா பழங்குடி இளைஞர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். முதல் தங்கத்தை வென்ற அணியின் தலைவர் இறுதி ஆட்டத்தில் ஆடவே இல்லை. பாதியிலேயே அணியைவிட்டு விலகிவிட்டார். அணிக்குள் நடந்த மனத்தாங்கல் பற்றிப் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஹாக்கிக்காக எடுத்த விடுப்பினால் அவருடைய ஐ.சி.எஸ். பயிற்சியும் சிக்கலாகி, அந்தப் பெரிய உத்தியோகத்தையே கைவிட்டார். பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசி மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் இவரே. 1970-இல் மறைந்தார். அவர் தம் கைப்பட எழுதிவைத்த நினைவுகள் 'லோ பிர் செந்த்ரா' என்ற நூலாக வந்தது 2004-இல்தான். நாட்டின் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தலைவருடைய சொல் அச்சேற 34 வருஷம்! வாய் என்று மூன்றாவதாகச் சொன்னேனே, அதற்கு முதல் உதாரணம் இது.

உடம்பு என்னும் முதல்

வியாபாரத்தில் முதல் என்போம். ஆட்டக்காரருக்கு உடம்புதான் முதல். பல்பீர் சிங் சீனியர் 1948, 1952, 1956 மூன்றிலும் தங்கம் பெற்றவர். 1952 ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது. 'தி கோல்டன் ஹாட் ட்ரிக்' என்ற தன்வரலாறு 1977-இல் வந்தது. 1956 மெல்போர்னில் அவர் அணித்தலைவர். தொடக்கத்திலேயே வலது கை விரல் முறிந்துபோனது. எதிரணிகளுக்குத் தெரியக்கூடாது என்று அதை மறைத்து வைத்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கட்டுப் போட்ட கையோடு, வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். 1-0 என்று ஜெயித்தோம்.

இதைப் படிக்கும்போது நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விஷயம் யோசிக்கவேண்டும். பெரியவர் ஒருவர், நாட்டின் தலைவர் பொறுப்பில் இருந்தவர், தானே முடிவெடுத்து வலியைத் தாங்கினார். அந்தக் கதையைக் கேட்டு வளரும் பதிமூன்று வயதுப் பிள்ளை, முழங்கால் வீங்கினாலும் கோச்சிடம் சொல்லக்கூடாது என்று பாடம் படித்துக்கொண்டால்? ஒருவருடைய தியாகத்தை எல்லாருக்கும் சட்டமாக்கிவிட்டால் அங்கேதான் இருட்டு தொடங்குகிறது.

அந்த இருட்டு எதுவரை போகும் என்று பார்க்கக் கனடாப் பக்கம் ஒரு பார்வை பார்க்கலாம். டொரான்டோவில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் இப்போது குறைவு, ஆகவே அந்நியமாக இருக்காது. அங்கே ஹாக்கி என்றால் பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கி. ஆட்டம் வேறு, ஆனால் ஊரே சேர்ந்து ஒரு அணியைக் கொண்டாடும் வெறி ஒன்றேதான். டெரெக் பூகார்ட் என்று ஒரு ஆட்டக்காரர். அவருக்கு அணியில் கொடுத்த வேலை கோல் போடுவது அன்று. எதிரணி ஆளோடு கைகலந்து குத்துவது. ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். கை, தோள், தலை எல்லாம் அடிபட்டு, வலி மாத்திரைக்கு அடிமையாகி, 2011 மே மாதம் மதுவும் மாத்திரையும் சேர்ந்து உயிரைக் குடித்தன. வயது 28. மூளையை ஆராய்ந்தபோது தொடர்ந்து அடிபட்டதால் வரும் சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஜான் பிராஞ்ச் 2014-இல் எழுதிய 'பாய் ஆன் ஐஸ்' என்ற நூல் அந்தப் பையனின் கதை. பையன் என்றே சொல்கிறேன். அவனுக்கும் அம்மா அப்பா இருந்தார்கள். சின்ன வயதில் பனியில் வண்டி ஓட்டிப் பயிற்சிக்குக் கூட்டிப் போனவர்கள்.

பல்பீர் சிங்கின் கதைக்கு இன்னொரு வால் உண்டு. விளையாட்டு அருங்காட்சியகம் வரப்போகிறது என்றார்கள். 1985-இல் தம்மிடமிருந்த 36 பதக்கங்களையும், மெல்போர்னில் அணிந்த தலைவர் கோட்டையும், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களையும் இந்திய விளையாட்டு ஆணையத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் அவற்றைக் காட்சிக்கு வைக்கலாம் என்று கேட்டபோது, அவை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. குடும்பம் வருஷக்கணக்காக அலைந்தது. 2020 மே 25-இல் தமது 96-ஆம் வயதில் அவர் கண்ணை மூடும்வரை அவை கிடைக்கவில்லை. எங்கள் கடையில் அடகு வைத்த அண்டாவுக்குக்கூட சீட்டு உண்டு!

தமிழ்த் தாய் பெற்ற தன்ராஜ்

இனி நம் பிள்ளைக்கு வருவோம். தன்ராஜ் பிள்ளை 1968-இல் புனே அருகே கட்கியில் பிறந்தவர். தாய் தந்தையர் தமிழர். தகப்பனார் அங்கே ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவர். உடைந்த மட்டைகளைக் கயிறு சுற்றி ஒட்டி ஆடிப் பழகிய பிள்ளை. வெளிமாநிலத்தில் வேலை தேடிப் போய், ஒரு குவார்ட்டர்ஸில் குடியிருந்து பிள்ளை வளர்த்த குடும்பம் என்றால் நமக்கெல்லாம் விளங்காதா? சந்தீப் மிஸ்ரா எழுதி 2007-இல் வந்த அவருடைய வரலாற்று நூலின் தலைப்பு 'ஃபர்கிவ் மீ அம்மா'. ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் நம் 'அம்மா' அப்படியே நிற்கிறது. மன்னிப்புக் கேட்கும் தலைப்பு. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு ஆடியவருக்கு எதற்கு மன்னிப்பு?

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் அணித்தலைவர். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை வென்று, 32 வருஷம் கழித்து இந்தியா தங்கம் பெற்றது. பெனால்டியில் கோலைக் காத்தவர் ஆஷிஷ் பல்லால், நம் பெங்களூர்க்காரர். ஊர் திரும்பியதும் என்ன நடந்தது? வசதிகளும் ஆட்டப்படியும் போதவில்லை என்று தன்ராஜ் வாய்விட்டுப் பேசியிருந்தார். அடுத்த அணியில் தன்ராஜ், பல்லால் உட்பட மூத்த வீரர்கள் பலருக்கு இடமில்லை. ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்பது அதிகாரபூர்வ விளக்கம். ஜெயித்து வந்த வேலையாளைக் கூலி கேட்டதற்காக நிறுத்துவதை எங்கள் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர் வேறு பெயரால் அழைப்பார்கள்.

இது ஒரு தன்ராஜின் முன்கோபத்தால் வந்த தகராறு என்று தள்ளிவிடுவோருக்கு ஒரு செய்தி. 2008 மார்ச்சில் சிலி நாட்டு சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 1928-க்குப் பிறகு முதன்முறையாக இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் போனது. அடுத்த மாதமே, அணியில் ஒருவரைச் சேர்க்கப் பணம் வாங்குவதாக ஹாக்கிச் சம்மேளனத்தின் செயலாளரைத் தொலைக்காட்சி ஒன்று ரகசியப் படம் பிடித்துக் காட்டியது. அவர் விலகினார், சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. அதோடு திருந்தினார்களா? 2010 ஜனவரியில், டில்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் இருக்கையில், நிலுவைப் பணம் வரவில்லை என்று புனே முகாமில் அணி முழுவதும் பயிற்சியை நிறுத்தியது. 1998-இல் தன்ராஜ் ஒரு ஆளாகச் சொன்னதை 2010-இல் மொத்த அணியும் சொல்லவேண்டி வந்தது. முதலில் சொன்னவரை வெளியே நிறுத்தியதால் குறை தீரவில்லை, பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

ஏழு கோலும் ஒரு மனிதரும்

மானத்துக்கு வருகிறேன். 1982 டிசம்பர் 1, டில்லி ஆசிய விளையாட்டு, ஹாக்கி இறுதி. பாகிஸ்தான் 7, இந்தியா 1. பிரதமர் இந்திரா காந்தியே நேரில் பார்த்த ஆட்டம். கோல்காப்பாளர் மீர் ரஞ்சன் நேகி. மறுநாளிலிருந்து அவர் பணம் வாங்கிக்கொண்டு கோல் விட்டார் என்ற பேச்சு நாடு முழுவதும் பரவியது. எந்த ஆதாரமும் அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை. தேசத்துரோகி என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது.

அப்போது எனக்கு இருபது தாண்டிய வயது. எங்கள் கடைத்தெருவிலும் அதே பேச்சுதான். சாம்பியன் ரீஃபிலிருந்து சாமான் வாங்க வந்த ஒரு பெரியவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இளமையில் தாமே கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவர். அவர் மட்டும் கேட்டார்: "ஏழு தபா பந்து உள்ள போச்சுன்னா, அதுக்கு முன்னால பத்து பேரத் தாண்டித்தானே நயினாரே வந்திச்சு? அந்தப் பத்து பேரும் இன்னா பண்ணாங்கோ?" இந்தக் கேள்விக்கு அன்று கடையில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை. நாற்பது வருஷம் கழித்தும் இதைவிடத் தெளிவாக அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வெற்றி வந்தால் பங்கு கேட்கப் பலர் வருவார்கள். நஷ்டம் வந்தால் ஒருத்தர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கூட்டு வியாபாரத்தில் இதை மோசடி என்போம். விளையாட்டில் இதற்குத் தேசபக்தி என்று பெயர் வைத்துவிட்டோம்.

நேகி பிறகு மெல்ல மீண்டுவந்தார். மேலே சொன்ன 1998 பாங்காக் தங்க அணிக்குக் கோல்காப்புப் பயிற்சி கொடுத்தவர் அவரே. 2007-இல் வந்த 'சக் தே இந்தியா' படத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பயிற்சியாளர் பாத்திரத்தை அவரோடு பொருத்திப் பேசினார்கள். அந்தப் படத்துக்கு நடிகைகளை ஹாக்கி பழக்கியவரும் அவர்தான். படம் பார்த்து அழுதவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால் 2021 வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் அப்படிச் செய்த முதல் இந்தியப் பெண் அவர். ஆகஸ்ட் 4-இல் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் பெண்கள் அணி தோற்றது. அன்று அரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு முன் சிலர் வந்து பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி வைதார்கள். அணியில் தாழ்த்தப்பட்டவர்கள் இருந்ததால்தான் தோற்றது என்று பேசினார்களாம். போலீஸ் வழக்குப் போட்டுக் கைது செய்தது. 1982-இல் துரோகி என்றார்கள், 2021-இல் சாதி சொன்னார்கள். பழியைச் சுமக்க ஒரு தலை வேண்டும் என்ற பழக்கம் மாறவில்லை. நம் தங்கவயல் மக்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகத்தவர் என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் செய்தி எப்படி வலித்திருக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

தோற்றவரை எப்படிப் பார்ப்பது என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. வெண்ணிப் போர்க்களத்தில் சோழன் கரிகாலன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகு வரை ஊடுருவியதால் புறப்புண் பட்டதாக நாணி, சேரன் வடக்கிருந்து உயிர் விட்டான். வென்ற கரிகாலனைப் பாடவந்த வெண்ணிக் குயத்தியார் என்ன செய்தார்? நீ வென்றாய், உண்மைதான். ஆனால் நாணி வடக்கிருந்த அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று வென்றவன் முகத்துக்கு நேரே கேட்டார். புறநானூற்றில் 66-ஆம் பாட்டு அது. கேட்டவர் அரசவைப் பெரும்புலவர் அல்லர். மண்பாண்டம் வனையும் குலத்துப் பெண்மணி என்பதைப் பெயரே காட்டுகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் வெண்ணியில் ஒரு குயத்திக்கு இருந்த நியாயம், சாம்பியன் ரீஃப் பெரியவரிடம் இருந்தது. டில்லியில் பேனா பிடித்த பலரிடம் இல்லை.

சொல்லாமல் விட்டதும் சொன்னதும்

மூன்றாவது சரக்கு வாய். கனடாவில் ஷெல்டன் கென்னடி, தியோ ஃப்ளூரி என்று இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள். பிள்ளைப் பருவத்தில் இருவரும் ஒரே பயிற்சியாளரிடம் பழகியவர்கள். ஊரே மெச்சிய பயிற்சியாளர். 1989-இல் பெரிய ஹாக்கிப் பத்திரிகை ஒன்று அவரை ஆண்டின் சிறந்த மனிதர் என்றே தேர்ந்தெடுத்தது. அவர் பல வருஷம் அந்தப் பிள்ளைகளைப் பாலியல் கொடுமை செய்து வந்தார். கென்னடி துணிந்து புகார் செய்து, 1997-இல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2006-இல் கென்னடி எழுதிய நூலின் தலைப்பை, 'நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை' என்று தமிழில் சொல்லலாம். இந்தத் தலைப்பு ஒன்றே பெற்றோருக்குப் போதும். பிள்ளை ஏன் சொல்லவில்லை? சொன்னால் அணியில் இடம் போகும், அப்பா செய்த செலவு வீணாகும், ஊர் நம்பாது. 2009-இல் ஃப்ளூரி 'ப்ளேயிங் வித் ஃபயர்' என்ற நூலை எழுதினார். அதன் பிறகு புதிய வழக்கு தொடரப்பட்டு, 2012-இல் அதே ஆள் மறுபடி தண்டிக்கப்பட்டார். ஒரு புத்தகம் கோர்ட்டுக் கதவைத் தட்டித் திறந்தது என்றே சொல்லவேண்டும்.

நம் நாட்டிலும் 2010-இல் தேசியப் பெண்கள் ஹாக்கி அணி வீராங்கனைகள் பயிற்சியாளர் மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார்கள். அவர் மறுத்தார், ஆனால் பதவி விலகினார். அந்தப் பெண்கள் சொன்னது அப்போது பெரிய விஷயம். ஏனென்றால் 2012 போக்சோ சட்டமும், 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டமும் அன்று இல்லை. இன்று இருக்கின்றன. 2013 சட்டம் பணியிடம் என்று சொல்லும் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சி நிலையம், மைதானம் எல்லாம் சேரும். போக்சோ சட்டப்படி குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டமும் வீரர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. சட்டம் வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்கும் வாய்தான் வேண்டும்.

நம் வீடுகளுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளையை மைதானத்துக்கே அனுப்பவேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக்கூடாது. அது என் கருத்து அன்று. சுரங்கம் மூடிய பிறகு விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயில் ஏறி பெங்களூர் போய் இரவில் திரும்பும் குடும்பங்களுக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை என்பது சின்ன விஷயம் இல்லை. ஓடி ஆடிய பிள்ளையின் முகத்தில் வரும் தெளிவும் வேறெதிலும் வராது. ஆனால் சரக்கு கொடுக்கும்போது சீட்டு எழுதி வாங்குவது போல, சில கேள்விகளைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? டாக்டர் ஓய்வு என்று சொன்னால் அதை மீறி ஆடச் சொல்லும் அதிகாரம் யாருக்காவது உண்டா? வெளியூர் முகாமில் பெண் பிள்ளைகளோடு தங்கும் பெண் பொறுப்பாளர் யார்? பயிற்சியாளர் மீது குறை சொல்லவேண்டுமானால் யாரிடம் சொல்வது? இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பயிற்சி நிலையம் நமக்கு வேண்டாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைக்கே மனப்பாடமாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்று வீட்டுக்கு வரும் அன்று நாம் முதலில் கேட்பது "எத்தனை கோல் விட்டே?" என்பதா, "சாப்பிட்டியாப்பா?" என்பதா? அடுத்த முறை மைதானத்தில் ஏதாவது கெட்டது நடந்தால் பிள்ளை நம்மிடம் சொல்லுமா சொல்லாதா என்பது அந்த ஒரு வார்த்தையில் பாதி தீர்ந்துவிடுகிறது.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். இங்கே சொன்ன நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. நம் சங்க நூலகத்தில் இவற்றுக்கு ஒரு அலமாரி வேண்டும். இளைஞர்கள் படித்து, சாரத்தைத் தமிழில் எழுதலாம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. சயனைடு மேட்டின் அடிவாரத்து மைதானங்களில் ஆடிய நம் ஊர் ஆட்டக்காரர்கள் எழுபதும் எண்பதும் தாண்டிவிட்டார்கள். எந்த ஆட்டத்தில் என்ன எலும்பு முறிந்தது, எந்தத் தேர்வில் ஏன் பெயர் விடுபட்டது, ஜெயித்த கோப்பை இப்போது யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. இப்போது எல்லார் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். ஜெய்பால் சிங்கைப் போல 34 வருஷம் காத்திருக்க அவர்களால் ஆகாது.